வாயிலும் காவலும்: யுனிக்ஸ் முறைமைகளிற் கோப்புப் பகிர்வின் வரலாறு

மட்டக்களப்பு நாட்டின் நிலவமைப்பை அந்நாட்டு மக்கள் இரு சொற்களாற் குறிப்பர். கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் இப்பெயர்களுக்குக் காரணமாயின. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலான நீளமுடைய வாவி இரு கரைகளையும் பிரித்து நிற்கின்றது. பிரிந்து நின்றும் ஒன்றின்றி மற்றது வாழ்ந்ததில்லை. படுவான்கரை நெல் எழுவான்கரைக்கு வந்தது. எழுவான்கரைப் பண்டங்கள் படுவான்கரைக்குச் சென்றன. மக்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவைக்கு அப்பகுதியில் வழங்கும் பெயர் ‘பாதை’ என்பதாகும். 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை மண்முனைத் துறையைக் கடந்தோர் இப்பாதையையே நம்பியிருந்தனர்.

வாவி கடலொடு கலக்கும் முகத்துவாரமும் இவ்வகையில் எண்ணத்தக்கது. வறட்சிக் காலத்தில் மணற்றிட்டு வாயிலை அடைத்துவிடும். மாரியிற் பெருவெள்ளம் திரளும்போது அது தானே உடையும். அல்லது வெட்டித் திறக்கப்படும். திறக்கத் தாமதித்தால் வயல்கள் மூழ்கும்; காலமல்லாக் காலத்தில் திறந்தால் உவர்நீர் உட்புகும். ஆதலின் வாயில் வேண்டுமா, வேண்டாவா என்பது அங்கு வினாவன்று. எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு, யாருடைய ஆணையால் திறப்பது என்பதே வினா.

கணினியியலிலும் இதே வினா அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துவந்துள்ளது. ஒரே கணினியில் ஒன்றையொன்று காணாதவாறு பிரித்துவைக்கப்பட்ட சூழல்கள் பல இயங்குகின்றன. அவற்றிற்கிடையே சில கோப்புகளேனும் பகிரப்படல் வேண்டும். பிரிவு குலையாமற் பகிர்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு யுனிக்ஸ் பணிசெயல் முறைமையும் அதன் வழித்தோன்றல்களும் கண்ட விடைகளின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த மண்ணில் இப்புதிய துறையையும் தமிழ்ச் சொற்களால் விளக்க முயல்வது தகும்.

பொதுமனையில் நேர்ந்த பிழை

தொடக்ககாலக் கணினி ஒரு நேரத்தில் ஒருவர் வேலையையே செய்தது. 1961இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு முறைமை, பலர் ஒரே கணினியை ஒரே வேளையிற் பயன்படுத்த வழிசெய்தது. பலர் ஒருமனையில் வாழத் தொடங்கியதும் ஒவ்வொருவர்க்கும் தனியறை வேண்டியதாயிற்று. கடவுச்சொல்லும் தனிக்கோப்புறையும் இவ்வாறு தோன்றின.

1960களின் நடுப்பகுதியில் அம்முறைமையில் நிகழ்ந்த ஒரு தவறு இத்துறை மாணவர் அறியவேண்டியதொன்று. ஒரு நாள் முறைமையினுள் நுழைந்த ஒவ்வொருவர்க்கும், அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சிடப்பட்டன. எவரும் களவு செய்யவில்லை. கோப்புகளைத் திருத்தும் நிரல், தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டுவந்தது. ஒரு கோப்புறையில் ஒருவரே வேலைசெய்வர் என்ற எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு அது. பின்னர் முறைமைப் பொறுப்பாளர் பலர் ஒரே கோப்புறையிற் பணியாற்றலாயினர். ஒருவர் அறிவித்தலையும் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்த, இரண்டும் இடம் மாறின. 1990ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையிற் கோர்பாட்டோ இதனை விரித்துரைத்துள்ளார். தனியறைகளின் சுவர்களில் எப்பழுதும் இருக்கவில்லை. இருவர் கையும் படும் பொதுவிடத்திற்கு ஒழுங்கு வகுக்கப்படாமையே பிழைக்குக் காரணம். பின்வந்த வரலாறு முழுவதும் இதற்கு விரிவுரை போன்றது.

யுனிக்சின் அனுமதிமுறை

1969இற் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்சைத் தொடங்கினர். அதிலே கோப்பு ஒவ்வொன்றும் ஓர் உரிமையாளரை உடையது. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று அனுமதிகள் தனித்தனியே வகுக்கப்பட்டன. எளிமையால் இம்முறை நிலைத்தது, இன்றும் வழங்குகின்றது.

ஆயினும் இரண்டு நுட்பங்களைக் கருதவேண்டும். ஒன்று, உரிமையாளர் பெயர் கோப்பொடு சேர்த்து எழுதப்படுவதில்லை. ஓர் எண்ணே எழுதப்படுகின்றது. எண்ணுக்குரிய பெயரை வேறொரு பட்டியல் கூறும். சுழியம் என்னும் எண் தலைமைப் பயனர்க்குரியது. அவர்க்கு எக்கதவும் திறந்ததே. மற்றொன்று, றிச்சி வகுத்த ஒரு சிறப்புக்குறி. அக்குறியை உடைய நிரலை யார் இயக்கினும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்துடனேயே இயங்கும். சாதாரண பயனர் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ளல் முதலிய பணிகளுக்கு இஃது இன்றியமையாதது. இவ்விரு நுட்பங்களும் பின்னர்ப் பெருஞ்சிக்கல்களுக்கு வித்தாயின.

வேர்மாற்றலும் அதன் எல்லையும்

யுனிக்சிற் கோப்புகள் யாவும் ஒரு மரமெனக் கிளைத்து நிற்கும். அதன் அடி வேர்க்கோப்புறை எனப்படும். வேரிலிருந்து ஒரு கோப்புவரை செல்லும் பெயர்த்தொடரைத் தமிழிற் பாதை என வழங்குவர். மட்டக்களப்பார் மிதவைக்கு இட்ட பெயரும் இதுவேயாதல் தற்செயலெனினும், பின்வரும் விளக்கத்திற்குப் பெரிதும் துணைசெய்வதாகும்.

1979இல் வெளிவந்த யுனிக்சின் ஏழாம் பதிப்பில் ‘சி-எச்-ரூட்’ என்னும் வேர்மாற்றற் கட்டளை இடம்பெற்றது. ஒரு நிரலுக்கு மரத்தின் ஒரு கிளையையே வேரெனக் காட்டுவது இதன் தொழில். அக்கிளைக்கு வெளியேயுள்ள கோப்புகளுக்கு அந்நிரலின் பார்வையில் பெயரே இல்லை. பெயரற்றதை அணுகுதற்கு வழியுமில்லை.

இதனைப் பகிர்வுக்குப் பயன்படுத்தியோருள் முதன்மையானோர் கோப்புப் பரிமாற்ற நிலையங்களை நடத்தியோராவர். கடவுச்சொல் இல்லாத வெளியார்க்கும் கோப்புகளை வழங்கிய அந்நிலையங்கள், வந்தவரை வேர்மாற்றிய சிறு கிளையொன்றுள் அடைத்தன. அங்கே பொதுவெனப் பெயரிட்ட கோப்புறையிலிருந்து படிக்கலாம், எழுதலாகாது. வருகை எனப் பெயரிட்ட மற்றொன்றில் எழுதலாம். பிறர் இட்டதைப் படிக்கலாகாது. கொடுக்கும் வாயிலையும் வாங்கும் வாயிலையும் வேறுபடுத்திய இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது. வருகைக் கோப்புறையிற் படிக்கவும் எழுதவும் ஒருங்கே அனுமதித்த நிலையங்கள் இடருற்றன. முன்பின் அறியாதார் களவு மென்பொருள்களை ஒருவர் இட மற்றவர் எடுக்கும் சந்தையாக 1990களில் அவை மாறின.

1991இற் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த வில்லியம் செஸ்விக், ஊடுருவ முயன்ற ஒருவரை வேர்மாற்றிய சூழலொன்றில் விளையாடவிட்டு அவர் செயல்களைக் கண்காணித்தார். இத்தகைய சூழலைச் சிறையெனக் குறிக்கும் வழக்கு அக்காலத்தே பரவியது. ஆனால் வேர்மாற்றல் உண்மைச் சிறையன்று. உள்ளே தலைமைப் பயனராய் இருப்பவர் மீண்டும் ஒருமுறை வேர்மாற்றி வெளியேற முடியும். கோப்புகளை மறைத்த அக்கட்டளை, பிற நிரல்களையோ வலையமைப்பையோ மறைக்கவில்லை.

சிறையும் சாளரமும்

2000ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான பிரீபிஎஸ்டி 4.0 இக்குறையை நீக்க முற்பட்டது. பவுல்-ஹென்னிங் காம்ப் இயற்றிய சிறை என்னும் வசதி, கோப்புகளொடு நிரல்களையும் வலைமுகவரியையும் பிரித்தது. உள்ளிருக்கும் தலைமைப் பயனரின் அதிகாரத்தையும் குறைத்தது. அவரும் றொபேட் வாட்சனும் அவ்வாண்டே இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

சுவர் வலுப்பட்டதும் பகிர்வின் தேவை மிகுந்தது. பத்துச் சிறைகள் ஒரே நூற்றொகுதியைப் பயன்படுத்தின், அதனைப் பத்துமுறை படியெடுத்தல் வீண். படிகளுள் ஒன்று திருத்தப்படாது கிடப்பின் ஆபத்துமாகும். இதற்கான கருவி முன்னரே ஆயத்தமாயிருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரிவில் ஜோன் ஹைடெமன் ஆக்கிய அடுக்குக் கோப்புமுறை ஆய்வின் பயனாய், 1993இல் 4.4பிஎஸ்டியில் ‘நல்எஃப்எஸ்’ என்னும் மெல்லடுக்கு இடம்பெற்றது. மரத்தின் ஓரிடத்துள்ள கோப்புறையை மற்றோரிடத்திலும் தோன்றச் செய்வதே அதன் பணி. படியெடுப்பில்லை, பொருள் ஒன்று, சாளரம் இரண்டு. அச்சாளரத்தைப் படித்தற்கு மட்டும் எனப் பொருத்தினால், உள்ளிருப்பவர் காண்பர், மாற்றவியலார்.

யுனிக்சைப் படைத்த அதே ஆய்வுகூடத்திற் பிறந்த ‘பிளான் 9’ முறைமை இன்னும் ஒருபடி சென்றது. 1992இற் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்ட அம்முறைமையில், ஒவ்வொரு நிரற்குழுவும் தனக்கென ஒரு பெயர்வெளியைக் கொண்டிருந்தது. அதாவது, மரமே ஆளுக்கொன்றாயிற்று. லினக்ஸ் இவ்வழியைப் பின்பற்றியது. ஒரு கோப்புறையை வேறிடத்திற் பிணைத்துப் பொருத்தும் வசதி 2001இன் 2.4 பதிப்பிலும், பொருத்துதல்களுக்கான தனிப் பெயர்வெளி 2002இன் 2.4.19 பதிப்பிலும் சேர்ந்தன. தாய்முறைமையிற் புதிதாகப் பொருத்தப்படுவது உட்சூழலிற் காணப்படலாம், உட்சூழலிற் பொருத்தப்படுவது வெளியே பரவலாகாது என்னும் ஒருவழி ஏற்பாடு 2006இல் 2.6.15 பதிப்பொடு வந்தது. 2013இல் டொக்கர் வெளிவந்தபின் கொள்கலன் எனப்படும் இச்சூழல்கள் உலகெங்கும் பெருவழக்காயின.

எண்ணும் பெயரும்

இங்கே முன்னர்க் கூறிய முதல் நுட்பம் தன் வேலையைக் காட்டியது. கோப்பில் எழுதப்படுவது எண். பெயர்ப்பட்டியலோ சூழல்தோறும் வேறு. 1001 என்னும் எண் ஒரு சிறையில் மாணவனைக் குறிக்கும். அயற்சிறையில் கணக்கரைக் குறிக்கும். இருவர்க்கும் பொதுவான கோப்புறையில் மாணவன் இட்ட கோப்பு கணக்கரது உடைமையாய்த் தோன்றும். கணக்கரது மறைகோப்பு மாணவனுக்குத் திறக்கும்.

சுழியம் என்னும் எண் இதனினும் கொடியது. பிரீபிஎஸ்டிச் சிறையின் தலைமைப் பயனர் உள்ளேதான் அதிகாரம் குறைந்தவர். அவர் வட்டில் எழுதும் கோப்பின் உரிமையாளர் எண்ணோ தாய்முறைமைத் தலைமைப் பயனரது எண்ணேயாம். அவர் ஒரு நிரலுக்கு றிச்சியின் சிறப்புக்குறியை இட்டுப் பொதுக்கோப்புறையில் வைத்தால், தாய்முறைமையின் சாதாரண பயனர் ஒருவர் அதனை இயக்கித் தலைமை அதிகாரம் பெறலாம். தனித்தனியே வலியற்ற இருவர், சாளரம் ஒன்றின் வழியே கைகோத்து முழுமுறைமையையும் கைப்பற்றுகின்றனர். ஆதலாற் சிறைக் கோப்புறைகளைத் தாய்முறைமையின் சாதாரண பயனர் அணுகாவாறு மூடுதலும், பொதுக்கோப்புறையைச் சிறப்புக்குறி செல்லாதவாறு பொருத்துதலும் இன்றியமையாதனவாயின.

2013இன் லினக்ஸ் 3.8 பதிப்பில் எரிக் பீடர்மன் முயற்சியால் நிறைவெய்திய பயனர் பெயர்வெளி, எண்களை மொழிபெயர்த்தது. உள்ளே சுழியமாய் விளங்குபவர் வெளியே அதிகாரமற்ற பெரிய எண்ணொன்றாய் ஆகிவிடுவார். நாட்டரசன் ஒருவன் எல்லை கடந்ததும் வழிப்போக்கனாதல் போல்வது இது. ஆயினும் பகிர்வுக்கு ஒரு துன்பம் எஞ்சியது. மொழிபெயர்ப்பு மாறுபட்ட இரு சூழல்கள் ஒரே கோப்புறையைக் காணின், ஒன்றற்கு உரிய கோப்பு மற்றதற்கு உரிமையாளர் அற்றதாய்த் தோன்றிற்று. பலர் கோப்புகளின் உரிமையெண்களை ஒட்டுமொத்தமாய் மாற்றியும், எல்லோர்க்கும் எழுத்தனுமதி வழங்கியும் இதனைக் கடந்தனர். பின்னதனால் காவல் பயனற்றதாயிற்று. 2021இன் 5.12 பதிப்பிற் கிறிஸ்டியன் பிரவுனர் முதலியோர் உழைப்பால் வந்த வசதி, மொழிபெயர்ப்பைச் சாளரத்தோடேயே பிணைத்தது. வட்டிலுள்ள எண் மாறாது. எச்சாளரத்தின் வழிக் காணப்படுகின்றதோ அதற்கேற்ற உரிமையாளர் தோன்றுவர்.

வாயிலில் நேர்ந்த வழுக்கள்

பாதை பற்றிய சிக்கலும் இத்தகையதே. வேறொரு கோப்பின் பாதையை மட்டும் தன்னுள் எழுதி வைத்திருக்கும் சுட்டிணைப்பு என்னும் கோப்புவகை யுனிக்ஸ் முறைமைகளில் உண்டு. சிறையில் இருப்பவர் பொதுக்கோப்புறையில் ‘அறிக்கை’ என்னும் பெயரில் ஒரு சுட்டிணைப்பை இட்டு, வேரின்கீழுள்ள கடவுச்சொற் கோப்பின் பாதையை அதில் எழுதுகின்றார் எனக் கொள்க. உள்ளிருந்து திறப்பின் அது சிறையின் கோப்பையே அடையும். தாய்முறைமையின் தலைமைப் பயனர் வெளியிலிருந்து அதே ‘அறிக்கை’யைத் திறந்து எழுதினால், தம் முறைமையின் கடவுச்சொற் கோப்பையே அழித்தவராவார். பாதை ஒன்றாயினும் ஏறிய கரை வேறாதலின் இறங்கும் துறையும் வேறாயிற்று. முன்கூட்டிச் சோதித்தலும் போதாது. சோதித்ததற்கும் திறத்தற்கும் இடைப்பட்ட நொடியிற் கோப்பை மாற்றிவைக்க இயலும். 2020இன் லினக்ஸ் 5.6 பதிப்பில் அலெக்சா சராய் சேர்த்த புதிய திறப்புக் கட்டளை, குறித்த கோப்புறைக்கு வெளியே பாதை செல்லின் திறவாதே எனக் கருனிக்கே ஆணையிட வழிதந்தது.

அண்மைக்கால வழுக்கள் மூன்று இவ்வுண்மையையே வலியுறுத்துவன. 2019 பெப்ரவரியில் வெளிப்பட்ட ஒன்று, கொள்கலனை இயக்கும் ‘ரன்சி’ என்னும் தாய்முறைமை நிரலை உள்ளிருந்தே மேலெழுத இடந்தந்தது. 2022 மார்ச்சில் மக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட ‘டர்ட்டி பைப்’ என்னும் கருனி வழு, படித்தற்கு மட்டும் எனப் பகிர்ந்த கோப்பின் நினைவகப் படியையும் மாற்றவிட்டது. 2024 சனவரியில் அறிவிக்கப்பட்ட வேறொன்றில், ‘ரன்சி’ மூடாது விட்ட ஒரு கோப்புக் கைப்பிடியைப் பற்றி உள்ளிருப்பவர் தாய்முறைமையின் மரத்தை அடைய முடிந்தது. முதலாவதிலும் மூன்றாவதிலும் உட்சூழலுக்கும் வெளிக்கும் இடையே சென்றுவரும் ஏவலனே வழியானான்; இரண்டாவதிற் சாளரத்தின் கண்ணாடியே பழுதுற்றிருந்தது.

வரலாறு உணர்த்தும் ஒழுங்கு

இவ்வரலாறு கணினி வல்லார்க்கு மட்டும் உரியதன்று. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியபோது, உயிரிழப்பொடு பிறப்புச் சான்றுகளும் காணியுறுதிகளும் கடலொடு போயின. அவ்வழிவின் பின் இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்ய உதவியது. 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதையும் பெற்றது. அத்தகைய பதிவுகளின் இயல்பு கருதத்தக்கது. தாயைத் தேடும் பிள்ளையின் பெயர் பல நிறுவனங்களுக்கும் தெரிதல் வேண்டும். தெரிந்தாலன்றிப் பதிவாற் பயனில்லை. அதே பெயர் தீயோர் கைப்படின் அப்பிள்ளைக்கே கேடாம். முற்றாக மூடுதலும் முற்றாகத் திறத்தலும் ஆகிய இரண்டும் ஈண்டுத் தீங்கே பயக்கும்.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று கொள்வோம். கல்லூரியொன்றின் கணினியிற் பரீட்சைப் புள்ளிகள் ஒரு சிறையிலும், யாவரும் காணும் இணையத்தளம் மற்றொரு சிறையிலும் உள்ளன. பெறுபேறுகள் தளத்தில் வெளிவரல் வேண்டும். புள்ளிக் கோப்புறை முழுவதையும் தளத்திற்குத் திறத்தல் தவறு. வெளியிடற்குரிய கோப்பு மட்டும் இருக்கும் தனிக்கோப்புறையொன்றை வகுத்து, அதனைத் தளச்சிறையிற் படித்தற்கு மட்டும் பொருத்துதல் வேண்டும். நிரல் இயக்கமும் சிறப்புக்குறியும் அங்கே செல்லாவாறு தடுத்தல் வேண்டும். கோப்பை வேற்றிடத்தில் எழுதி முடித்து, முழுமை கண்டபின், ஒரே கட்டளையாற் பெயர்மாற்றி அங்கே சேர்த்தல் வேண்டும். அரைகுறைக் கோப்பை எவரும் காணார். அவ்விடமும் கோப்புறையும் ஒரே வட்டுப் பிரிவில் இருந்தாலே பெயர்மாற்றம் இவ்வாறு ஒரு கணத்தில் நிகழும். மாணவர் விண்ணப்பங்கள் தளத்திலிருந்து அலுவலகத்திற்கு வரவேண்டின், அதற்கு வேறு கோப்புறை வகுக்கப்படல் வேண்டும். அதிலுள்ளவற்றைத் தலைமைப் பயனர் தம் அதிகாரத்தொடு திறவாது, அதிகாரமற்ற பயனர் ஒருவர் சுட்டிணைப்புகளை விலக்கிப் படித்தல் வேண்டும். உரிமையெண்கள் இரு சிறைகளிலும் ஒத்திருத்தல் அல்லது மொழிபெயர்க்கப்படல் வேண்டும். கருனியையும் உரிய காலத்திற் புதுப்பித்தல் வேண்டும். சாளரக் கண்ணாடி கருனியினது ஆதலின்.

இவ்விதிகளுள் ஒவ்வொன்றும் ஒரு பழம்பிழையின் நினைவாகும். தற்காலிகக் கோப்பின் பொதுப்பெயர் முதல் மூடாது விட்ட கைப்பிடி வரை, முறைமைகள் தோற்ற இடங்கள் பெரும்பாலும் சுவர்கள் அல்ல. இரு தரத்தாரும் கைவைத்த பொதுவிடங்களே. முகத்துவாரத்தை நிலையாக அடைத்து வாவியைக் காக்க முனைந்தால் வயல் அழியும். நிலையாகத் திறந்து வைத்தால் உவர் ஏறும். காலமும் இடமும் அளவும் ஆணையும் அறிந்து திறப்பதே மட்டக்களப்பார் தம் வாவியிடம் கற்ற பாடம். பிறர் பதிவுகளைக் காக்கும் பொறுப்பினை ஏற்கும் இளைஞர்க்கும் அப்பாடமே உரியது.